இணையத்தில் ஒரு வீடு! வாடகைக்கா, சொந்தமா?

1992-ம் ஆண்டு மார்ச் மாதம் 8-ந் தேதி.

புதுக்கோட்டை நகரமே திகைத்து நின்றது. சாலை நிறையச் சைக்கிள்கள்! மணி ஓசை காதைத் துளைத்தது. கைப்பிடிகளில் கொடிகள் பறந்தன. ஓட்டி வந்தவர்கள் யார் தெரியுமா? அத்தனை பேரும் பெண்கள். 1,500 பேருக்கு மேல்!

அறிவொளி இயக்கம் நடந்த காலம் அது. கல் உடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்யும் பெண்களும் எழுத்துப் படித்தார்கள். கூடவே சைக்கிள் விடவும் கற்றுக்கொண்டார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதற்கு ஊக்கம் கொடுத்தார்.

கடைகளில் பெண்கள் ஓட்டும் சைக்கிள் தீர்ந்து போயிற்று. பெண்கள் காத்திருக்கவில்லை. ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். சிலருக்கு அதுதான் பிடித்தும் இருந்தது. காரணம், முன்னால் இருக்கும் குறுக்குக் கம்பி. அதில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு போகலாமே!

எது அழகு என்று அவர்கள் பார்க்கவில்லை. தங்கள் சுமையை எது தாங்கும் என்று பார்த்தார்கள்.

இன்று அதே மாவட்டத்தில் வேறொரு வண்டி ஓடத் தொடங்கி இருக்கிறது. அதன் பெயர் இணையதளம். எந்த வண்டியை வாங்குவது என்ற கேள்வி இங்கும் உண்டு.

ஆசிரியர்களின் ஆசை

2015-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி புதுக்கோட்டையில் ஒரு விழா நடந்தது. இணையத்தில் தமிழில் எழுதுகிறவர்கள் வெளியூர்களில் இருந்தெல்லாம் வந்து கூடினார்கள். அதற்கு முன் சென்னையில் இரண்டு முறையும் மதுரையில் ஒரு முறையும் இப்படிக் கூடி இருந்தார்கள். நான்காவது முறை புதுக்கோட்டைக்கு வந்தது.

விழாவை நடத்தியது புதுக்கோட்டை கணினித் தமிழ்ச் சங்கம். முன்நின்றவர் கவிஞர் நா.முத்துநிலவன். தமிழாசிரியராக வேலை பார்த்தவர். தமிழ் இணையக் கல்விக் கழகத்துடன் சேர்ந்து கட்டுரை, கவிதைப் போட்டிகளும் நடத்தினார்கள். இணையத்தில் எழுதும் தமிழர்களின் விவரங்களைத் திரட்டி ஒரு கையேடும் அச்சிட்டார்கள்.

சங்கத்தில் இருந்தவர்களில் பலர் கம்ப்யூட்டர் படிப்புப் படித்தவர்கள் அல்ல. பள்ளிக்கூட ஆசிரியர்கள். சாக்பீஸ் பிடித்த கைகள். அவர்களால் எப்படி இணையத்தில் பக்கம் கட்ட முடிந்தது?

கருவி எளிதாக இருந்தது. அதுதான் காரணம்.

முன்பெல்லாம் ஒரு பக்கம் செய்ய வேண்டும் என்றால் ‘எச்.டி.எம்.எல்.’ என்ற குறிமொழி தெரிந்திருக்க வேண்டும். எழுத்துத் தடித்து வர ஒரு குறி. படம் வர ஒரு குறி. ஒரு குறி விட்டுப் போனாலும் பக்கம் கோணலாகி விடும். 1999-ம் ஆண்டு அமெரிக்காவில் ‘பிளாக்கர்’ என்ற கருவி வந்தது. தலைப்பை ஒரு கட்டத்தில் எழுது, விஷயத்தை இன்னொரு கட்டத்தில் எழுது, பொத்தானை அமுக்கு. அவ்வளவுதான்! 2003-ம் ஆண்டு கூகுள் கம்பெனி அதை வாங்கியது. கட்டணம் இல்லை. தமிழில் அதற்கு ‘வலைப்பூ’ என்று அழகான பெயர் வந்தது.

இப்போது ஆசிரியர்கள் மட்டும் அல்ல, மற்றவர்களும் கேட்கிறார்கள். பலாப்பழம் விற்பவர், பூக் கமிஷன் கடை வைத்திருப்பவர், தையல் வகுப்பு நடத்தும் பெண்மணி, ஊர்ப் பள்ளிக்கூடம்... எல்லோருக்கும் இணையத்தில் ஓர் இடம் வேண்டும். எங்கே கட்டுவது? எதைக் கொண்டு கட்டுவது?

கதவு எண்ணும் மனையும்

வீடு கட்டும் விஷயம் நம் எல்லோருக்கும் தெரியும். மனை வேண்டும். மனையின் மேல் கட்டடம் வேண்டும். தபால்காரர் தேடி வர விலாசம் வேண்டும்.

இணையதளமும் அப்படித்தான். மனை என்பது எங்கோ இருக்கும் ஒரு பெரிய கம்ப்யூட்டரில் உங்களுக்கு விடப்படும் இடம். இரவும் பகலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். கட்டடம் என்பது நீங்கள் எழுதும் பக்கங்கள். விலாசம் என்பது ‘டாட் காம்’ என்றோ ‘டாட் இன்’ என்றோ முடியும் பெயர். தமிழ் எழுத்திலேயே ‘.இந்தியா’ என்று முடியும் பெயர்களும் உண்டு.

சில கம்பெனிகள் மூன்றையும் சேர்த்தே இலவசமாகக் கொடுக்கின்றன. குடிபோக வேண்டியதுதான் பாக்கி. பிளாக்கர் அப்படிப்பட்டது. ‘வேர்டுபிரஸ் டாட் காம்’ கொடுக்கும் இலவச இடமும் அப்படித்தான். ஆனால் அங்கே உங்கள் பக்கத்தில் அவர்கள் விளம்பரம் போடுவார்கள். விலாசத்தில் உங்கள் பெயருக்குப் பின்னால் அவர்கள் பெயரும் வரும்.

இது வாடகை கேட்காத வீடு. கேட்க இனிக்கிறது. ஆனால் வீடு உங்களுடையது அல்ல! வீட்டுக்காரர் ஒருநாள் காலி செய்யச் சொன்னால்?

இடிந்த நகரம்

இப்படி நடந்தே இருக்கிறது.

1990-களில் ‘ஜியோசிட்டீஸ்’ என்ற இடம் உலகம் முழுவதும் பிரபலம். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பக்கம் கட்டலாம். லட்சக்கணக்கானவர்கள் கட்டினார்கள். தமிழர்களும் கட்டினார்கள். 1999-ம் ஆண்டு யாஹூ கம்பெனி அதை வாங்கியது. பத்தே ஆண்டுகள். 2009-ம் ஆண்டு அக்டோபரில் மூடிவிட்டது. சில ஆர்வலர்கள் அவசரம் அவசரமாகப் பிரதி எடுத்து ஒரு பகுதியைக் காப்பாற்றினார்கள். மற்றவை போனது போனதுதான்.

அது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். கடைக்காரர்களுக்காகக் கூகுள் ஓர் எளிய வசதி வைத்திருந்தது. வரைபடத்தில் கடையைப் பதிவு செய்தால், அந்த விவரங்களைக் கொண்டே ஒரு சிறிய இணையதளம் தானாக உருவாகும். செலவு இல்லை. உலகெங்கும் சிறு கடைக்காரர்கள் அதை நம்பி இருந்தார்கள். 2024-ம் ஆண்டு மார்ச் மாதம் கூகுள் அந்தத் தளங்களை நிறுத்திவிட்டது. விசிட்டிங் கார்டில் அச்சிட்ட விலாசம், கடைப் பலகையில் எழுதிய விலாசம், எல்லாம் வீண்!

ஆகவே, கருவியைப் பார்க்கப் போகும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “எத்தனை டிசைன் இருக்கிறது?” என்பது அல்ல. “நான் வெளியேற நினைத்தால் என் சாமான்களை எடுத்துக்கொண்டு போக முடியுமா?” என்பதுதான்.

பிளாக்கரில் முடியும். இதுவரை எழுதியதை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி இறக்கிக்கொள்ள அங்கே வழி இருக்கிறது. அந்த மூட்டையை வேர்டுபிரஸில் கொண்டுபோய்ப் பிரிக்கலாம். 2006-ம் ஆண்டு இஸ்ரேலில் தொடங்கிய ‘விக்ஸ்’ என்ற கருவி வேறு மாதிரி. படத்தை விரலால் இழுத்து வேண்டிய இடத்தில் போடலாம். பார்க்க மிக அழகாக இருக்கும். ஆனால் அங்கே கட்டிய தளத்தை அப்படியே பெயர்த்து வேறு இடத்தில் வைக்க முடியாது. போக நினைத்தால் புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

ஒரு கல்யாணத்துக்கோ, ஊர்த் திருவிழாவுக்கோ நாலு மாதம் மட்டும் பக்கம் வேண்டும் என்றால் இதில் தவறு இல்லை. பத்து ஆண்டு நடத்தப் போகும் கடை என்றால் யோசிக்க வேண்டும்.

கைவிடப்பட்ட கருவி

வேர்டுபிரஸ் பிறந்த கதை சுவையானது.

‘பி-2’ என்று ஒரு கருவி இருந்தது. அதைச் செய்தவர் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த கார்சிகா தீவுக்காரர். ஒரு கட்டத்தில் அவர் வேலையைத் தொடரவில்லை. கருவியை நம்பி எழுதியவர்கள் தவித்தார்கள். அவர்களில் ஒருவர் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் இருந்த மாட் முல்லன்வெக். வயது 19.

பி-2 கருவியை யாரும் எடுத்துத் திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று அதன் உரிமத்திலேயே எழுதி இருந்தது. அதனால் அது அனாதை ஆகவில்லை! முல்லன்வெக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த மைக் லிட்டில் என்பவரும் அதை எடுத்துத் திருத்தினார்கள். 2003-ம் ஆண்டு மே மாதம் 27-ந் தேதி ‘வேர்டுபிரஸ்’ என்ற புதுப் பெயரில் வெளியிட்டார்கள்.

இன்று உலகில் உள்ள இணையதளங்களில் பத்துக்கு நான்குக்கு மேல் வேர்டுபிரஸில்தான் ஓடுகின்றன. அதற்கும் அதே உரிமம்தான். அதைச் செய்தவர்கள் நாளைக்கே விட்டுவிட்டுப் போனாலும், வேறு யாராவது எடுத்து நடத்தலாம்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. ‘வேர்டுபிரஸ் டாட் காம்’ என்பது ஒரு கம்பெனி நடத்தும் இடம். ‘வேர்டுபிரஸ் டாட் ஆர்க்’ என்ற இடத்தில் கருவி மட்டும் இலவசமாகக் கிடைக்கும். அதை இறக்கி, நீங்களே மனை பிடித்து, அதன் மேல் நிறுத்த வேண்டும். மனைக்கு ஆண்டு வாடகை உண்டு. மனைக்காரர் பிடிக்கவில்லை என்றால், கட்டடத்தோடு வேறு மனைக்குப் போய்விடலாம்.

இதில் தொல்லையே இல்லையா? உண்டு. சொந்த வீடு என்றால் வெள்ளை அடிக்க வேண்டும், ஓடு மாற்ற வேண்டும். வேர்டுபிரஸையும் அதனுடன் சேர்க்கும் பிளகின்களையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத தளத்தில் திருடர்கள் புகுந்து விடுவார்கள். கடைக்காரரின் பக்கத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வந்து நிற்கும்! இந்தப் பராமரிப்புக்கு நேரமும் ஆளும் இல்லாதவர்கள் பிளாக்கரிலேயே இருப்பது மேல்.

அச்சுக் கோப்பது போல

பழைய அச்சகத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பக்கம் கட்டுவார்கள். 1578-ம் ஆண்டு கொல்லத்தில் தமிழ்ப் புத்தகம் அச்சானபோதும் அப்படித்தான்.

வேர்டுபிரஸில் இப்போது பக்கம் கட்டும் முறையும் ஏறக்குறைய அதுவே. ஒரு பத்தி ஒரு கட்டை. ஒரு படம் ஒரு கட்டை. ஒரு பட்டியல் ஒரு கட்டை. மேலே வேண்டுமா, கீழே வேண்டுமா, நகர்த்தி வைக்கலாம். 2018-ம் ஆண்டு டிசம்பரில் இந்த முறை வந்தது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘குட்டன்பெர்க்’. ஜெர்மனியில் ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்டாரே, அந்தப் பெரியவரின் பெயர்தான்!

இது போதாது என்று நினைப்பவர்களுக்காகத் தனிக் கருவிகளும் இருக்கின்றன. 2016-ம் ஆண்டு வந்த ‘எலிமென்டார்’ அவற்றில் பெயர் பெற்றது. இழுத்துப் போடலாம், நிறம் மாற்றலாம், எழுத்தை ஆட வைக்கலாம். கற்றுக்கொள்வதும் கடினம் அல்ல. ஆனால் அந்தக் கருவியை ஒருநாள் கழற்றினால் எழுத்துகள் மிஞ்சும், அலங்காரம் குலைந்து போகும். மேலும், அலங்காரம் கூடக்கூடப் பக்கத்தின் எடையும் கூடும். எடை கூடினால் திறக்க நேரம் ஆகும். உங்கள் பக்கத்தைப் பார்க்கப் போகிறவர் யார்? பஸ்ஸில் உட்கார்ந்து செல்போனில் பார்ப்பவர். பக்கம் திறப்பதற்குள் அவர் இறங்க வேண்டிய ஊர் வந்துவிடும்!

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வேர்டுபிரஸோடு வரும் கட்டைகளே போதும். கருவி விற்பவர்கள் வேறு மாதிரி சொல்லத்தான் செய்வார்கள்.

எழுத்து எங்கே?

தமிழில் பக்கம் கட்டுகிறவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. வெள்ளைக்காரருக்கு இது கிடையாது.

டி.டி.பி. சென்டரில் நோட்டீசு அடிக்கும்போது ‘பாமினி’, ‘வானவில்’ போன்ற எழுத்துருக்களில் தட்டுவது வழக்கம். காகிதத்தில் அழகாக விழும். அதை அப்படியே எடுத்து இணையப் பக்கத்தில் ஒட்டினால், தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் கோடுகளுமாக வந்து நிற்கும். ஏன்? அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. எழுத்துரு இல்லாத செல்போனில் வேஷம் கலைந்து விடும்.

1990-களில் தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் எழுத்துரு வைத்திருந்தன. ஒன்றுக்கு இறக்கியது இன்னொன்றுக்கு உதவாது. 1999-ம் ஆண்டு சென்னையில் மாநாடு கூடித் ‘தமிழ் 99’ விசைப்பலகையை வகுத்தார்கள். பிறகு உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ‘யூனிகோடு’ முறை பரவியது. இன்று செல்போனில் தட்டும் தமிழ் எல்லாம் யூனிகோடுதான்.

பழைய எழுத்துருவில் இருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் மாற்றிகள் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. பள்ளி ஆண்டு மலரையோ கோவில் வரலாற்றையோ ஏற்றப் போகிறவர்கள் முதலில் அதைச் செய்ய வேண்டும். எழுத்தைப் படமாக எடுத்துப் போட்டு விடலாம் என்று சிலர் நினைப்பார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து தேடினால் சரியாகக் கிடைக்காது. கண் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டும் கருவிக்கும் அது சிக்கல்.

தம்பி வெளிநாடு போனார்

இனி விலாசம்.

பெரும்பாலும் நடப்பது இப்படித்தான்.

“தம்பி, நம்ம கடைக்கும் ஒரு வெப்சைட் போடணுமே!”

“போட்டுடலாம் அண்ணே. எல்லாத்தையும் நான் பார்த்துக்கிறேன்.”

தம்பி நல்லவர்தான். சொன்னபடி போட்டும் கொடுத்தார். ஆனால் விலாசத்தை யார் பெயரில் வாங்கினார்? தன் பெயரில், தன் ஈமெயிலில்! இரண்டு ஆண்டு கழித்துத் தம்பிக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. ஆண்டுக் கட்டணம் கட்டச் சொல்லி அவருடைய பழைய ஈமெயிலுக்குக் கடிதம் வந்தது. அவர் பார்க்கவில்லை. கெடு முடிந்தது. தளம் மறைந்தது.

கெடு முடிந்து, மீட்கும் தவணையும் தாண்டிவிட்டால், அந்தப் பெயரை உலகில் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

சின்னவர்களுக்கு மட்டுமா இந்த மறதி? 1999-ம் ஆண்டு டிசம்பரில் மைக்ரோசாப்ட் கம்பெனியே மறந்தது! ‘பாஸ்போர்ட் டாட் காம்’ என்ற பெயருக்கு 35 டாலர் கட்டவில்லை. அன்றைய மதிப்பில் சுமார் 1,500 ரூபாய். கிறிஸ்துமஸ் நேரத்தில் ‘ஹாட்மெயில்’ திறக்காமல் உலகெங்கும் மக்கள் திண்டாடினார்கள். மைக்கேல் சானி என்ற அமெரிக்கர் காரணத்தைக் கண்டுபிடித்துத் தன் கைப் பணத்தில் கட்டணத்தைக் கட்டினார். கோளாறு சரியாயிற்று. எல்லோருக்கும் அப்படி ஒரு புண்ணியவான் கிடைப்பாரா?

விலாசத்தை உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில், உங்கள் செல்போன் எண்ணில் வாங்க வேண்டும். தம்பி வேலை செய்து கொடுக்கட்டும். பத்திரம் உங்களிடம் இருக்கட்டும். ‘டாட் இன்’ பெயருக்குப் பொதுவாக ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். முதல் ஆண்டு மலிவாகக் கொடுத்துவிட்டு இரண்டாம் ஆண்டு ஏற்றுவது பல கம்பெனிகளின் வழக்கம். வாங்கும்போதே இரண்டாம் ஆண்டுத் தொகையைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு நன்மையும் உண்டு. சொந்த விலாசம் வாங்கி, அதைப் பிளாக்கர் பக்கத்துடன் இணைக்கலாம். அதற்குப் பிளாக்கர் பணம் கேட்பதில்லை. வீடு இலவசம், விலாசம் மட்டும் சொந்தம். நாளைக்கு வேர்டுபிரஸுக்கு மாறினாலும் கடைப் பலகையில் எழுதிய விலாசம் மாறாது. கையில் பணம் குறைவாக இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

முதல் பக்கம்

வடகாட்டில் பலாத் தோப்பு வைத்திருக்கும் ஒருவர் தளம் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? சூரியன் உதிக்கும் படமா? ‘உங்கள் வரவு நல்வரவாகுக’ என்று ஓடும் எழுத்தா?

பழம் எந்த மாதம் கிடைக்கும், எத்தனை பழம் முதல் அனுப்புவார், லாரிக்கா பஸ்ஸுக்கா, எந்த எண்ணில் பேச வேண்டும். இவைதான் வேண்டும். தோப்பில் எடுத்த ஒரே படம் போதும். அதையும் சுருக்கி ஏற்ற வேண்டும். செல்போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் பக்கம் கனத்து விடும்.

பழம் முடிந்த மாதத்தில் “இப்போது பழம் இல்லை, சித்திரையில் வரும்” என்று எழுதி வைக்க வேண்டும். இதை யார் மாற்றுவது? ஒவ்வொரு முறையும் டவுனுக்குப் போய் ஆள் பிடிக்க முடியுமா? பள்ளிக்கூடம் போகும் மகள் வீட்டில் இருந்தபடியே செல்போனில் மாற்றும்படி இருக்க வேண்டும். பிளாக்கரிலும் வேர்டுபிரஸிலும் இது முடியும். பணம் கொடுத்துச் செய்யச் சொன்னாலும், பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு வரியை நீங்களே மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்ற முடியவில்லை என்றால் அந்த வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

மாதத்துக்கு ஒரு முறை பக்கங்களின் மூட்டையை இறக்கிப் பென் டிரைவில் வைக்க வேண்டும். பிளாக்கர் என்றால் படங்களைத் தனியே சேர்த்து வைக்க வேண்டும். அந்த மூட்டையில் எழுத்துகள்தான் வரும். விலாசத்தின் கெடு தேதியைக் காலண்டரில் குறிக்க வேண்டும். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, பென் டிரைவையும் சேர்த்துப் பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டலாம்.